துடைத்த தடம்

அன்று காலை கஸ்கபெல் பாலைவனக் காப்பகத்தின் வடக்குப் பாதை முகப்பில் இருந்தவர்கள் ஆறு பேர். துப்பறிவாளர் வெர்னன் டீல். அவருடைய உதவியாளர் ட்ரினி புஸ்தோஸ். தேடல் குழுவின் தலைவர் ரோலண்ட் ஹெஃப்லின். என் தம்பியோடு இருபது வருஷத்துக்கு மேல் பாதைக் காவல் பார்த்த, நடைபாதைகளைப் பராமரித்த பெண்மணி லோர்னா ஓட்ஸ். என் தம்பி மகள் மரிசெலா. ஆறாவது நான், எல்விரா அர்விசு. வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே நின்றதாகப் பின்னால் ஊரில் சொல்லிக்கொண்டவர்கள் எவரையும் நான் அங்கே பார்க்கவில்லை.

என் தம்பி அன்செல்மோ மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை இந்தப் பாதையில் நடக்கப் போனான். மூன்றாம் நாள், கழுகுகள் வட்டமிடுவதைப் பார்த்து, ஒரு பள்ளத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள். கால் ஒடிந்திருந்தது. மிச்சத்தை வெயில் முடித்துவிட்டது.

அதோடு போயிருந்தால் அழுதுவிட்டு அமைதியாகியிருப்போம். ஆனால் ஹெஃப்லின் தன் அறிக்கையில் இப்படி எழுதினார்: "இறந்தவர் தானாகவே பாதையை விட்டு விலகியிருக்கிறார். விலகிய இடத்தில் தன் காலடித் தடங்களைத் துடைத்திருக்கிறார். தன்னை யாரும் கண்டுபிடிப்பதை அவர் விரும்பவில்லை என்று தெரிகிறது." இதை ஊர் இரண்டே வார்த்தையில் சொன்னது. அந்த வார்த்தைகளை நான் எழுத மாட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் மரிசெலா அவனோடு போனில் சண்டை போட்டிருந்தாள். அவள் செவிலி. இதய மருத்துவரிடம் போகவேண்டிய நாளில் அன்செல்மோ மறுபடியும் பாதைக் காவலுக்குப் போய்விட்டான். "அந்தக் கள்ளிச்செடிங்களையே கட்டிக்கிட்டு அழுங்க. எனக்கு அப்பான்னு யாரும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. நான் கொண்டுபோன சாப்பாட்டை மூடி திறக்காமலே திருப்பித் தந்தாள். "நான்தான் கொன்னேன் அத்தை" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு எதுவும் பேசுவதில்லை.

அதனால்தான் தூசானிலிருந்து டீலை வரவழைத்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன்பு காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகத் தீ விபத்துகளை விசாரித்தவர். மெதுவாகப் பேசுவார், எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருப்பார். எனக்கு அது பிடித்திருந்தது.

"ஒண்ணு கேக்கணும், எல்விராம்மா" என்றார் வண்டியிலிருந்து இறங்கியதும். "என்னைக் கூப்பிட்டது உங்க குடும்பப் பேருக்காகவா, அந்தப் பொண்ணுக்காகவா?"

"எங்க வீட்ல ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ ஒரே பில்லுதான் போடணும், பாஸ்" என்றாள் ட்ரினி.

இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குள்ளம். கண்ணைக் குத்தும் ஆரஞ்சு நிறத் தொப்பி. வாயில் எப்போதும் ஏதாவது ஒன்று. அன்று காய்ந்த மாட்டிறைச்சி சுருட்டிய ரொட்டி. சாவு விசாரிக்க வந்தவள் இப்படியா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அதைக் கவனித்துவிட்டு, ரொட்டியில் பாதியைப் பிய்த்து மரிசெலாவிடம் நீட்டினாள்.

"எனக்கு வேணாம்."

"உனக்கு யாரு குடுத்தா? சும்மா பிடிச்சுக்கோ. எனக்கு ரெண்டு கையும் வேணும், ஷூ லேஸ் கட்டணும்."

மரிசெலா பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் நடக்கத் தொடங்கினோம். அந்தப் பாதையை நான் அறிவேன். என் தாத்தா அங்கே மாடு மேய்த்தார். அந்த நிலத்தை நாங்கள் விற்கவில்லை. காப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தோம். முந்தின இரவு எங்கோ தொலைவில் மழை தூறியிருக்க வேண்டும், காற்றில் கிரியோசோட் புதரின் மணம் இருந்தது. பாலோவெர்டே மரங்கள் மஞ்சள் பூவை உதிர்த்துப் பாதையோரத்தை நிரப்பியிருந்தன. மரம் உயரத்துக்கு வளர்ந்து கைபோலக் கிளை விடும் சகுவாரோக் கள்ளிகள் தலையில் வெள்ளைப் பூ வைத்துக்கொண்டு நின்றன. எதிரில் ஊன்றுகோலோடு ஒரு வயதான தம்பதி இறங்கி வந்தார்கள்.

"மேல ஆமை ஒண்ணு நடுப்பாதையில இருக்கு, பாத்துப் போங்க" என்றார் கணவர்.

"அதுக்கு அவசரம்னா வழி விட்டுடுறோம்" என்றாள் ட்ரினி. அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அன்செல்மோ இருந்திருந்தால் அவர்களை அங்கேயே அரைமணி நேரம் நிறுத்தி வைத்திருப்பான். நடக்க வருகிறவர்கள் மலை உச்சியையே குறிவைத்து ஓடுவது அவனுக்குப் பிடிக்காது. மரங்கொத்தியின் பொந்து எது, காட்டுப்பன்றி எங்கே படுக்கும், எந்தப் பாறை காலை வெயிலில் ரோஜா நிறமாகும் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவான். பார்த்த சகுவாரோவுக்கெல்லாம் சொந்தக்காரர்களின் பெயரை வைத்திருந்தான். இடுப்பில் கை வைத்தது போல நிற்கும் ஒன்று எங்கள் ரூபென் மாமா. கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு, ஊரறிந்த ஒரு தம்பதி, பெயர் வேண்டாம். ஒன்றுக்கு என் பெயர். பள்ளத்துக்கு அக்கரையில் தனியாக நிற்கிறது. நிமிர்ந்தது, ஒரு கைகூடக் கிடையாது. எனக்கு அந்த வேடிக்கை பிடிக்கவில்லை என்று அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"அய்யோ அம்மா!"

ட்ரினியின் கெண்டைக்காலில், உரசினாலே ஒட்டிக்கொள்ளும் தாவும் கள்ளியின் முள்ளுருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கையால் பிடுங்கப் போனாள்.

"தொடாதே!" லோர்னாவும் நானும் மரிசெலாவும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

நான் பையிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்தேன். மரிசெலா மண்டியிட்டு, சீப்பின் பற்களை முள்ளுருண்டைக்கு அடியில் நுழைத்து, ஒரே சுண்டில் தூர எறிந்தாள். தன் அப்பா மாதிரியே செய்தாள்.

"தலை சீவத்தான் சீப்புன்னு இத்தனை வருஷம் ஏமாந்துட்டேனே" என்றாள் ட்ரினி. "மூணு பேரும் ஒரே குரல்ல கத்துனீங்களே, ஒத்திகை பாத்துட்டு வந்தீங்களா?"

"இங்க நடக்கிற எல்லாருக்கும் அப்படித்தான் வரும்" என்றார் லோர்னா. "யோசிச்சு வராது."

டீல் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தார்.

பாதையில் ஒரு வளைவு வந்தது. ஹெஃப்லின் நின்று கைத்தடியால் காட்டினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அதைச் சொல்வதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. மூன்று நாள் தூங்காமல் என் தம்பியைத் தேடியவர். ஆனால் எழுதியது எழுதியதுதான்.

"இதுதான் அந்த இடம்."

ட்ரினி அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். "எந்த இடம்? வெறும் புதர்தானே இருக்கு?"

"அதான் விஷயமே" என்றார் லோர்னா. அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "இங்க ஒரு கள்ளத்தடம் இருந்துச்சு. குறுக்கு வழின்னு ஒருத்தன் இறங்குவான், அவன் கால் தடத்தைப் பாத்து பத்துப் பேர் இறங்குவாங்க. ஒரு வருஷத்துல செடியெல்லாம் செத்து ரோடு மாதிரி ஆயிடும். நாங்க அதை மூடுவோம். செத்த கிளை, காஞ்ச கள்ளிக்கட்டை எல்லாம் எடுத்து, தானா முளைச்ச மாதிரி மண்ணுல நடுவோம். அப்புறம் ஒரு கிளையால தடத்தைப் பெருக்கி விட்டுடுவோம். இதை மூடினது அன்செல்மோ. அவர் மூடினா கடவுளுக்கே வழி தெரியாது."

"எனக்கும் தெரியல" என்றார் ஹெஃப்லின். "நாலு தடவை இதே வழியாப் போனேன். அவர் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே போனேன். அவர் பூட்ஸ் தடம் பாதையில இந்த வளைவு வரைக்கும் வருது, அப்புறம் காணோம். ஆளு கிடைச்ச பிறகு பள்ளத்துலேர்ந்து பின்னாடியே நடந்து வந்து பாத்தேன். தடம் இந்தப் புதருக்குக் கிட்ட வரைக்கும் இருக்கு. கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் கிளையால பெருக்கியிருக்கு. நட்ட கிளையெல்லாம் அசங்காம அப்படியே நிக்குது. அதாவது, உள்ள நுழைஞ்சு, திரும்பி நின்னு, கதவைச் சாத்துற மாதிரி சாத்தியிருக்காரு."

"போன் எங்க இருந்துச்சு?" என்றார் டீல்.

"அவர் வண்டியில."

"அது எப்பவும் வண்டியிலதான் இருக்கும்" என்றார் லோர்னா. "பறவை சத்தம் கேக்கும்போது போன் அடிச்சா அவருக்குக் கோபம் வரும்."

"தண்ணி?"

"ஒரு பாட்டில்தான்" என்றார் ஹெஃப்லின். "மே மாசத்துல ஒரே ஒரு பாட்டில்."

"சின்ன நடைக்கு ஒண்ணு போதும். அன்னிக்கு அவர் வழிகாட்டிப் பலகைய சரிபார்த்துட்டு காபிக்கு வந்துடுவேன்னு சொன்னாரு."

"இதெல்லாம் ரெண்டு பக்கமும் பேசும்" என்றார் ஹெஃப்லின். "துடைச்ச தடம் ஒரு பக்கம்தான் பேசும். லோர்னாகிட்ட நான் அன்னிக்கே கேட்டேன்."

டீல் திரும்பினார். "என்ன கேட்டார்?"

லோர்னா தரையைப் பார்த்தார். "வேலை நடுவுல உள்ள போனா வழியை மூடுவீங்களான்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னேன். திரும்பி வரப்போறோமே, எதுக்கு மூடணும்? எல்லாம் முடிஞ்சு வெளிய வந்த பிறகுதான் மூடுவோம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. எத்தனை வருஷமா செய்யுறேன்!"

"திரும்பி வரப்போறவர் மூட மாட்டார்" என்றார் ஹெஃப்லின். "அவர் கூட வேலை பாத்தவங்களே சொன்னது. நான் எழுதாம என்ன செய்ய முடியும்?"

மரிசெலா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தோளில் அன்செல்மோவின் பை தொங்கியது. அடக்கத்தன்று அதை அவளிடம் ஒப்படைத்தார்கள். அன்றிலிருந்து அதைச் சுமந்துகொண்டே திரிகிறாள், திறக்கவில்லை.

டீல் அவள் முன்னால் உட்கார்ந்தார். அந்த வயதில் தரையில் அப்படி உட்காருவது சுலபமல்ல.

"அம்மா, ஒரு கேள்வி. சாகப் போறவர் பையில என்ன இருக்கும்?"

தெரியாது என்று மரிசெலா தலையை ஆட்டினாள்.

"எனக்கும் தெரியாது. வீட்டுக்குப் போறவர் பையில என்ன இருக்கும்னு மட்டும் தெரியும். திறக்கலாமா?"

அவள் பையைக் கழற்றிக் கொடுத்தாள். டீல் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கைக்குட்டையின் மேல் வைத்தார். காலி பாட்டில். சீப்பு. பேனாக்கத்தி. காகிதத்தில் பொதிந்த ஆரஞ்சுத் தோல், காய்ந்து சுருண்டது. யாரோ எறிந்த பீர் பாட்டில் மூடி. கடைசியாக, வெள்ளி நிறத்தில் ஏதோ ஒன்று, துவைத்த கைக்குட்டை போலச் சதுரமாக மடித்தது.

"குப்பை" என்றார் ஹெஃப்லின். "நான்தான் சரிபார்த்தேன். குப்பைன்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்தேன்."

"குப்பைய இப்படி மடிக்கிற ஆம்பளைய நான் பாத்ததே இல்ல" என்றாள் ட்ரினி. "எங்க வீட்டுக்காரருக்கு சட்டையவே மடிக்கத் தெரியாது."

"ஹெஃப்லின், தன்னை முடிச்சுக்கப் போறவர் ஆரஞ்சுத் தோலை எதுக்குக் காகிதத்துல கட்டி வச்சுக்கணும்?"

"பழக்கம். பாதைக் காவலர்ங்க எல்லாருமே அப்படித்தான். தோலைக் கீழ போட மாட்டாங்க. சாகும்போதும் போட மாட்டாங்க."

"பழக்கம்" என்றார் டீல். "சரி. அந்த வார்த்தைய கையில வச்சுக்கோங்க. அப்புறம் கேப்பேன்."

வெள்ளிச் சதுரத்தைப் பிரித்தார். அது ஒரு பலூன். விழாக்களில் கட்டும் மினுமினுப்புப் பலூன், காற்று முழுதும் போயிருந்தது. அதன்மேல் "வாழ்த்துகள் பட்டதாரி" என்று எழுதியிருந்தது. அடியில் நீல ரிப்பன், சுருட்டி முடிச்சுப் போட்டது. ரிப்பனின் நுனி நேராக வெட்டுப்பட்டிருந்தது.

லோர்னா பெருமூச்சு விட்டார். "மே மாசம் வந்தா இதே தொல்லை. எங்கேயோ பட்டமளிப்பு விழா, இவங்க பறக்க விடுறது இங்க வந்து விழும். ஆமை இதைத் தின்னு செத்துப் போகும். அன்செல்மோவுக்கு இதைப் பாத்தா ரத்தம் கொதிக்கும்."

"பாதையில கிடந்தா குனிஞ்சு எடுத்துருப்பாரு" என்றார் டீல். "கத்தி எதுக்கு? எங்கேயோ சிக்கியிருந்துச்சு. வெட்டி எடுத்தாரு. அப்போ மிச்ச ரிப்பன் இன்னும் அங்கதான் இருக்கணும். ட்ரினி."

ட்ரினி ஏற்கெனவே தொலைநோக்கியைக் கண்ணில் வைத்திருந்தாள். பள்ளத்தின் அக்கரையை வலமிருந்து இடமாகத் தடவினாள். வாயில் இருந்ததை மெல்வது நின்றது.

"பாஸ். அங்க தனியா ஒரு சகுவாரோ. கையே இல்லாதது. ஆள் உயரத்துல, முள்ளுல நீலமா ஏதோ ஆடுது."

டீல் வாங்கிப் பார்த்தார். ஹெஃப்லின் பார்த்தார். பிறகு மரிசெலா வாங்கினாள். தொலைநோக்கியை இறக்காமலே சொன்னாள்:

"அது எல்விரா அத்தை."

நான் வெயிலுக்குப் பிடித்திருந்த குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன். யாரும் என்னைப் பார்க்காமல் இருந்தது நல்லது.

டீல் எழுந்து மணலைத் தட்டினார். "அன்செல்மோ இங்க நின்னாரு. அக்கரையில பலூனைப் பாத்தாரு. உள்ள போனாரு, பள்ளத்துல இறங்கி ஏறினாரு, வெட்டி எடுத்தாரு, மடிச்சு வச்சாரு. திரும்பி வந்தாரு. வர்ற வழியில சறுக்கி விழுந்தாரு. பலூன் பைக்குள்ள இருக்கு, ரிப்பன் அக்கரையில இருக்கு, அவர் நடுவுல கிடந்தாரு. போறப்ப விழுந்திருந்தா பலூன் இன்னும் அங்க தொங்கிட்டு இருக்கும்."

ஒரு கணம் மரிசெலாவின் முகத்தில் ஏதோ அசைந்தது. உடனே அணைந்தது.

"நீங்க என்னை சமாதானப்படுத்தப் பாக்குறீங்க" என்றாள். "குப்பை எடுக்கத்தான் போனாருன்னா எதுக்கு வழியைச் சாத்தணும்? திரும்பி வர்றவர் சாத்த மாட்டாருன்னு லோர்னா ஆன்ட்டியே சொல்றாங்க. போற போக்குல கண்ணுல பட்ட குப்பையை எடுத்திருப்பாரு. அப்பா சாகப் போற வழியிலயும் குப்பை எடுப்பாரு. எனக்குத் தெரியும் அவரை."

ஹெஃப்லின் தயங்கித் தலையாட்டினார். "அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி, டீல். மன்னிச்சுக்கோங்க."

கொடுத்த முன்பணம் வீண் என்றுகூட நினைத்தேன். அந்தச் சமயம் பார்த்து ஒரு காற்று வந்தது. ட்ரினியின் ஆரஞ்சுத் தொப்பி தலையிலிருந்து எழும்பி, அன்செல்மோ நட்ட புதர்களுக்கு மேலே பறந்து, உள்ளே போய் ஒரு கள்ளியில் மாட்டிக்கொண்டது.

"அய்யோ என் தொப்பி! எங்க மாமியார் வாங்கிக் குடுத்தது! அது இல்லாம வீட்டுக்குப் போனா நான் செத்தேன்!"

"கத்தாதே" என்றார் லோர்னா எரிச்சலோடு. "நீ உள்ள போனா அத்தனை செடியையும் மிதிச்சு வைப்ப. நில்லு இங்கயே."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நடப்பட்டிருந்த ஒரு காய்ந்த கிளையை வேரோடு எடுப்பது போல மெல்லத் தூக்கி, பக்கத்தில் சாய்த்தார். இன்னொன்றைத் தூக்கினார். உள்ளே நுழைந்தார். "வெளியூர்க்காரங்களுக்குத் தொப்பிய கட்டிக்கத் தெரியாது, காத்து வீசும்னு தெரியாது" என்று திட்டிக்கொண்டே திரும்பி நின்று, சாய்த்து வைத்த கிளையை எடுத்து அதே குழியில் நட்டு, காலால் மண்ணை அணைத்தார். இரண்டாவதையும் நட்டார். குனிந்து கிரியோசோட் கிளை ஒன்றை எடுத்து, தான் மிதித்த இடத்தை இடமும் வலமுமாகப் பெருக்கினார். "இதுல ஆரஞ்சுக் கலர் வேற" என்றார். பின்பக்கமாக நடந்துகொண்டே பெருக்கினார்.

நாங்கள் எல்லோரும் அவர் கையையே பார்த்தோம். ட்ரினிகூட.

"லோர்னா" என்றார் டீல் மிக மெதுவாக. "என்ன செய்யுறீங்க?"

"என்ன செய்யுறேன்? இவ தொப்பிய எடுக்கப் போறேன்."

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு வந்து குடுப்பேன். வேற என்ன, தலையில வச்சுக்கவா?"

"திரும்பி வரப்போறீங்க."

"வராம இங்கயேவா இருப்பேன்?"

"அப்போ கையில என்ன?"

லோர்னா தன் கையைப் பார்த்தார். கிளையைப் பார்த்தார். தனக்கும் எங்களுக்கும் நடுவில் அசங்காமல் நின்ற புதர்களைப் பார்த்தார். தன் காலடிக்கு முன்னால் ஒரு தடமும் இல்லாத மணலைப் பார்த்தார். கிளை கையிலிருந்து நழுவியது. தடித்த உடம்புக்காரரான அந்தப் பெண் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"நான் இல்லன்னு சொன்னேனே... மூட மாட்டோம்னு சொன்னேனே... என் வாயாலயே சொன்னேனே..."

"நீங்க பொய் சொல்லல" என்றார் டீல். "உங்களுக்கே தெரியல. தாவும் கள்ளிக்கு மூணு பேரும் கத்தினப்போ யாராவது யோசிச்சா கத்துனீங்க?" ஹெஃப்லின் பக்கம் திரும்பினார். "கையில வச்சுக்கச் சொன்ன வார்த்தைய இப்போ குடுங்க."

ஹெஃப்லின் தொப்பியைக் கழற்றினார். "பழக்கம்" என்றார்.

"வேற யாராவது உள்ள போயிருந்தா வழி திறந்து கிடந்திருக்கும். முதல் நாளே நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. அன்செல்மோ அவ்வளவு நல்லா வேலை செய்வாரு. அதனாலதான் நீங்க நாலு தடவை தாண்டிப் போனீங்க."

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை சுமக்கிறேன். என் தம்பியை அவனுடைய கைத்திறமைதான் கொன்றது என்று கேட்க நேர்ந்தது. அவமானத்துக்கு மாற்றாக எனக்குக் கிடைத்தது அதுதான். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

ஹெஃப்லின் மரிசெலாவுக்கு முன்னால் வந்து நின்றார். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு நான் எழுதாம விட்டுட்டேன்" என்றார். "சொல்லவா வேணாமான்னு தெரியல."

"சொல்லுங்க."

"அவர் சட்டையில ரெண்டு முழங்கையும் கிழிஞ்சிருந்துச்சு. ஒடிஞ்ச காலோட கொஞ்ச தூரம் ஊர்ந்திருக்காரு. பாதைப் பக்கமா. தலை இந்தப் பக்கம்தான் இருந்துச்சு. கடைசியில மனசு மாறியிருக்கும்னு நெனச்சேன். அதைப் போய் மகள்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

மரிசெலா எழுந்தாள். "நீங்க கத்தினீங்களே, பேரைச் சொல்லி. அவருக்குக் கேட்டிருக்குமா?"

டீலால் ஒரு பொய் சொல்லியிருக்க முடியும். அவர் சொல்லவில்லை.

"முதல் நாள்னா கேட்டிருக்கலாம்" என்றார். "அவரும் கூப்பிட்டிருக்கலாம். பள்ளத்துலேர்ந்து சத்தம் மேல ஏறாது."

"வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்காரு."

"ஆமா. வீட்டுக்கு வரத்தான்."

அப்போதுதான் அவள் அழுதாள். அடக்கத்தன்று அழாதவள். ட்ரினி பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். மரிசெலாவின் கையில் அந்த அரை ரொட்டி இன்னும் இருந்தது, நசுங்கிப் போயிருந்தது. நான் அவள் தலையில் கை வைத்தேன். எங்கள் வீட்டில் வெளியாட்கள் முன்னால் அப்படிச் செய்யும் வழக்கம் இல்லை.

பிறகு லோர்னா ஆரஞ்சுத் தொப்பியை எடுத்து வந்தார். ட்ரினி அதை வாங்கி, தலையில் வைத்துக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"காத்து கரெக்டான நேரத்துக்கு வந்துச்சு" என்றேன் நான்.

"காத்துக்கும் சம்பளம் குடுக்குறோம்மா" என்றாள், வழக்கமான குரலில் இல்லாமல். "மன்னிச்சுக்கோங்க லோர்னா. வேணும்னுதான் தொப்பிய கட்டாம விட்டேன்."

லோர்னா தலையை மட்டும் ஆட்டினார். வழி திறந்து கிடந்தது. அதை மூட அவர் கை எழவில்லை. மரிசெலா குனிந்து ஒரு கிளையை எடுத்து நட்டாள். அது சாய்ந்தது. மறுபடி நட்டாள். இன்னொன்றைக் கோணலாக நட்டாள். தடத்தைப் பெருக்கவில்லை. மோசமான வேலை, யார் பார்த்தாலும் அங்கே ஒரு வழி இருப்பது தெரியும். யாரும் அதைச் சரிசெய்யவில்லை. நானும் சொல்லவில்லை.

ஹெஃப்லின் அந்த வாரமே அறிக்கையைத் திருத்தி எழுதி, நகலை என் வீட்டுக்கு நேரில் கொண்டுவந்தார். அவரை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். மரிசெலா மறுபடி மருத்துவமனைக்குப் போகத் தொடங்கினாள். இளைத்துத்தான் இருக்கிறாள்.

இப்போது ஊரில் வேறொரு பேச்சு. அந்தப் பலூன் எங்கள் வீட்டிலிருந்தே பறந்ததாம். மரிசெலா செவிலிப் பட்டம் வாங்கிய விருந்தில் கட்டியதாம். மகளுடைய பலூனே அப்பனைக் கொன்றதாம். அது பொய். மரிசெலா பட்டம் வாங்கிப் பல வருஷமாகிறது. அந்த விருந்தில் காகிதத் தோரணம்தான் கட்டினோம். அன்செல்மோ எங்கள் குடும்பத்தில் யாரையும் பலூன் வாங்க விட்டதே இல்லை.